ஆற்றின் மட்டம் பார்த்து இறங்குவது: ஏழு வருட அனுபவம்

கயாக்கில் ஆற்றில் இறங்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. அதற்குள் படகே இரண்டு முறை மாறிவிட்டது. மாறாமல் இருப்பது ஒரு பழக்கம்தான்: கிளம்பும் முன் போனில் ஆற்றின் மட்டம் பார்ப்பேன், திரும்பி வந்ததும் அதை நோட்டில் எழுதி வைப்பேன். இந்தப் பழக்கத்தில் எது உதவியது, எது ஏமாற்றியது என்பதை இங்கே எழுதுகிறேன். ஆற்றில் படகு விடுபவர்களுக்கும் நீந்துபவர்களுக்கும் ஒரு வழி தெரியட்டும்.

ஆற்றின் மட்டத்தை அளக்கும் நிலையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மட்டம், மீட்டரிலோ அடியிலோ. இன்னொன்று ஓட்டம், விநாடிக்கு இத்தனை கன அடி அல்லது கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. இதைச் சொல்லக் காரணம் உண்டு. நான் பயன்படுத்திய செயலி ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு அலகைத் தானே மாற்றிக்கொண்டது. வழக்கமாக 900 என்று பார்த்துப் பழகிய இடத்தில் 40 என்று இருந்தது. தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்து, தெரிந்தவர் ஒருவரைப் புதிதாகக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். 40 கன மீட்டர் என்றால் 1,400 கன அடிக்கும் மேல். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து எண்ணுக்கு முன்னால் அலகைத்தான் பார்க்கிறேன்.

மட்டம் என்பது ஆழம் அல்ல. இது புரியவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றுப்படுகையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலையம் அமைத்தவர்கள் தேர்ந்துகொண்ட ஒரு புள்ளி அது. 0.6 மீட்டர் என்று காட்டும்போது ஆற்றின் நடுவில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கலாம். ஓட்டத்தின் எண்ணும் பெரும்பாலும் நேரடியாக அளந்தது இல்லை. மிதவையோ, அழுத்த உணரியோ, பாலத்தின் அடியில் பொருத்திய ராடாரோ மட்டத்தை மட்டும் அளக்கிறது. ஆட்கள் அவ்வப்போது நேரில் வந்து நீரின் வேகத்தையும் குறுக்குவெட்டையும் அளந்து ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள். அந்த அட்டவணையை வைத்துத்தான் மட்டம் ஓட்டமாக மாறுகிறது. அமெரிக்காவில் புவியியல் ஆய்வுத் துறை 1889-ல் ரியோ கிராண்டே ஆற்றில் எம்புடோ என்ற இடத்தில் முதல் நிலையத்தைத் தொடங்கியபோதும் அடிப்படை இதேதான். பெருவெள்ளம் வந்து படுகையை அரித்துவிட்டாலோ மணலைக் கொட்டிவிட்டாலோ பழைய அட்டவணை பொருந்தாது. அதனால் வெள்ளம் வடிந்த முதல் சில வாரங்களுக்கு ஓட்டத்தின் எண்ணை நான் அரைகுறையாகத்தான் நம்புவேன்.

இத்தனை வருடத்தில் அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால், எண்ணைவிட அதன் கீழே இருக்கும் கோடு என்பேன், நேரத்தோடு ஆறு ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு. ஒரே 900 கன அடி, ஏறுமுகத்தில் இருந்தால் ஓர் ஆறு, இறங்குமுகத்தில் இருந்தால் வேறு ஆறு. ஏறும் தண்ணீர் கரையில் கிடக்கும் கட்டை, முள், சாய்ந்த மரம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். இறங்கும் தண்ணீர் அவற்றை எங்காவது ஒதுக்கி விட்டிருக்கும். வெள்ளப் பெருக்கின் முனை தண்ணீரின் சொந்த வேகத்தைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு வேகத்தில் கீழே வரும் என்பதும் பலருக்குத் தெரியாது. மேலே இருக்கும் நிலையத்தில் ஏற்றம் தெரிந்தால், "நம்ம இடத்துக்கு வர இன்னும் நேரம் இருக்கு" என்று மிதக்கும் கட்டையின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

நாலாவது வருடம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் பார்த்தபோது கோடு அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நல்ல நாள் என்று கிளம்பிவிட்டோம். நடுவில் ஒரு மணல் திட்டில் ஓய்வெடுக்க ஒதுங்கியபோது, வழக்கம்போல் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியைக் குத்தி வைத்தேன். அரை மணி நேரம் இருக்கும். கூட வந்த தம்பி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "அண்ணே, குச்சி முழுகிடுச்சு" என்றான். போய்ப் பார்த்தால் குச்சியின் தலைக்கு மேலே நாலு விரற்கடை தண்ணீர். தண்ணீரின் நிறம் தேநீர் போல் கலங்கியிருந்தது, நுரையும் சருகும் நடு ஓட்டத்தில் வரிசையாக மிதந்து வந்தன. "இனிமே படகு வேணாம்டா, தூக்கிட்டு நடப்போம்" என்றேன். மூன்று கிலோமீட்டர் படகைச் சுமந்துகொண்டு மேட்டு வழியே நடந்தோம். அந்த நிலையத்தின் உணரி முந்தின இரவே பழுதாகிக் கடைசி எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. உயிருள்ள ஆற்றின் கோடு அப்படி நேராக இருக்காது, சிறு நடுக்கமாவது இருக்கும். இப்போதெல்லாம் கடைசியாக அளந்த நேரத்தையும் அந்த நடுக்கத்தையும் பார்க்காமல் வீட்டை விட்டு நகர்வதில்லை. பல நிலையங்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கின்றன. நாலைந்து மணி நேரம் பழைய எண் என்றால் அதை எண்ணாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

மேலே அணை இருக்கும் ஆறு என்றால் கணக்கே வேறு. வானம் வெளுத்திருக்கும், மதகு திறந்தால் ஆறு ஏறிவிடும். கோட்டில் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தால் அது மழையின் வேலை இல்லை, மதகின் வேலை. நீர் திறப்பு அறிவிப்பு கையில் இல்லாமல் அப்படிப்பட்ட இடத்தில் நடு ஆற்றுத் திட்டில் ஒதுங்கவே ஒதுங்காதீர்கள்.

வெள்ள முன்னறிவிப்புப் பக்கங்களும் பார்க்கிறேன். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் என்ற புவிக் கண்காணிப்புத் திட்டத்தில் வரும் குளோஃபாஸ், கூகுளின் ஃப்ளட் ஹப் இரண்டும் இலவசம். பெரிய ஆறுகளுக்கு நன்றாக உதவுகின்றன. குறுகிய காட்டாறுகளில், மழை பெய்த ஒரு மணி நேரத்தில் பொங்கும் இடங்களில், அவற்றை நம்பி இறங்க மாட்டேன்.

நோட்டுக்கு வருகிறேன். தேதி, மட்டம், ஓட்டம், ஏறுமுகமா இறங்குமுகமா, அதோடு கண்ணால் பார்த்த ஓர் அடையாளம்: "பாலத்தின் இரண்டாவது தூணின் வெள்ளைக் கறை பாதி தெரிகிறது", "வளைவில் இருக்கும் தட்டைப் பாறை முழுகிவிட்டது". இரண்டு பருவம் இப்படி எழுதியதும் எண்களுக்கு முகம் வந்துவிட்டது. இப்போது தட்டைப் பாறை முழுகியிருந்தால் போனைத் திறக்காமலே தெரியும், நான் இறங்கும் அளவு தாண்டிவிட்டது என்று. இந்த அளவு எனக்கானது. என்னைவிடத் தேர்ந்தவர் இறங்குவார், புதியவர் அதில் பாதியிலேயே நிற்க வேண்டும். நீரின் வேகம் இரட்டிப்பானால் அது உடம்பைத் தள்ளும் விசை நாலு மடங்காகிறது. கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்ற பேச்சே ஆற்றில் செல்லாது.

தடுப்பணைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேலிருந்து பார்த்தால் ஓரடி, இரண்டடிச் சறுக்கல் போலத்தான் தெரியும். கீழே விழும் தண்ணீர் அடியில் போய் மேற்பரப்பில் திரும்ப அணையை நோக்கியே வரும். சிக்கினால் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அந்தச் சுழற்சி விடாது. வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். மட்டம் எதுவானாலும் கரையேறிச் சுற்றித்தான் போவேன்.

லைஃப் ஜாக்கெட் இப்போது இரண்டாவது. 50 நியூட்டன் மிதப்பு வகை, அதாவது ஐந்து கிலோ அளவுக்குத் தூக்கும். நீந்தத் தோதானது, ஆனால் மயங்கியவரை மல்லாக்கத் திருப்பிவிடாது. அது தெரிந்துதான் வாங்கினேன். முதல் ஜாக்கெட்டைக் கரையில் மெத்தை போலப் போட்டு உட்கார்ந்தே நுரைப்பஞ்சை அமுக்கிக் கெடுத்துவிட்டேன். மூன்று வருடத்தில் துணியும் வெளுத்துப் போனது. இப்போதைய ஜாக்கெட்டைப் பருவம் தொடங்கும் முன் ஆழமில்லாத அமைதியான நீரில் போட்டு மிதந்து பார்க்கிறேன். தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே இழுக்கும்போது அது காதுவரை ஏறினால் வாரை இன்னும் இறுக்க வேண்டும்.

எறிகயிறு, அதாவது நீரில் விழுந்தவரை இழுக்கப் பையோடு எறியும் கயிறு, 20 மீட்டர், மிதக்கும் ரகம். வாங்கி வைத்தால் போதாது, புல்வெளியில் எறிந்து பழக வேண்டும். ஆளுக்கு முன்னால் விழுந்தால் பயனில்லை, தலையைத் தாண்டி அப்பால் விழ வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. போன பருவத்தில் ஒரு நண்பர் கவிழ்ந்தபோது என் முதல் எறி அவருக்கு ஒரு கை தூரத்தில் விழுந்தது. ஈரக் கயிற்றைப் பையில் திணிக்க நேரமில்லை, வளையமாகக் கையில் சேர்த்து மறுபடி எறிந்தேன். பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் மேலே நீட்டி மிதந்துகொண்டிருந்தார். எழுந்து நிற்க முயலவில்லை. ஓடும் நீரில் நிற்கப் போனால் பாறை இடுக்கில் கால் மாட்டும், தண்ணீர் முதுகில் ஏறி ஆளை அமுக்கிவிடும். இதை அவருக்கு முதல் நாளே நூறு முறை சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு நோட்டில் எழுதியது: 760 கன அடி, இறங்குமுகம், தட்டைப் பாறை ஒரு சாண் வெளியே. இரண்டாவது எறியில் பிடித்தார்.