குட்டையாக்கிய ஹிமாலயனில் ஆறடி ஆள்: 14 மாத அனுபவம்

என் உயரம் 6 அடி 1 அங்குலம். போன வருடம் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை அதற்கு முன் வைத்திருந்தவர் ஐந்தேகால் அடிதான் இருப்பார். கால் தரையில் படவேண்டும் என்று பின்னால் லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்பு) மாட்டி, முன்பக்கமும் தாழ, ஃபோர்க் குழாயைக் கிளாம்புக்குள் மேலே ஏற்றி, சீட்டு ஃபோமையும் செதுக்கியிருந்தார். வண்டி சுத்தமாக இருந்தது, விலையும் குறைவு. ஓட்டிப் பார்த்த பத்து நிமிடத்தில் முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வரும் வழியில், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சொல்லிவிட்டது.

வண்டி குட்டையாக இருப்பதால்தான் கால் மடங்குகிறது என்று நினைத்து முதலில் அதற்குப் பதிலாகக் கம்பெனியின் ஒரிஜினல் லிங்க்கை வரவழைத்து மாட்டினேன். வண்டி ஏறியது. முழங்கால் வலி அப்படியே இருந்தது. இப்போது யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. சஸ்பென்ஷன் ஏறினால் சீட்டும் ஃபுட்ரெஸ்ட்டும் சேர்ந்தேதானே ஏறும்? உயரமான ஆள் அளக்கவேண்டியது தரையிலிருந்து சீட்டுக்கு அல்ல, ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து சீட்டுக்கு.

ஆனாலும் லிங்க் செலவு வீணில்லை. எங்கள் தெரு வேகத்தடையில் அடித்தகடு உரசுவது நின்றது; 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள வண்டி உரசுவதே கேவலம். சென்டர் ஸ்டாண்டு போடவும் இப்போது பாதி பலம் போதும். லிங்க்கைக் கழற்றியபோது உள்ளே நீடில் பேரிங்கில் கிரீஸ் என்ற பேச்சே இல்லை, செந்நிறத் துரு. துடைத்து கிரீஸ் வைத்தோம். செயின் தொய்வையும் மறுபடி சரிபார்க்கவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

மெக்கானிக் பின்பக்கத்தை ஏற்றிவிட்டு முன் ஃபோர்க்கை அப்படியே விட்டிருந்தார். 90-இல் போகும்போது ஹேண்டில் நிலையில்லாமல் அலைந்தது. இரண்டு வாரம் டயரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ஃபோர்க் குழாய் மேல் கிளாம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தது. இறக்கிச் சமமாக்கியதும் அலைச்சல் போய்விட்டது.

அப்புறம் சைடு ஸ்டாண்டு. அதையும் பழையவர் வெட்டிக் குட்டையாக்கியிருந்தார் என்பது வண்டி ஏறிய பிறகுதான் தெரிந்தது. டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினால், இடதுபக்கம் குடிகாரன் மாதிரி சாய்கிறது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டி தப்பியது அதிர்ஷ்டம். லேத் பட்டறையில் துண்டு வைத்து வெல்டிங் செய்தது நான்கு மாதத்தில் விரிசல் விட்டது. இரண்டாவது முறை உள்ளே கம்பி கொடுத்து ஒட்டினார்கள், இன்றுவரை நிற்கிறது.

முழங்காலைக் காப்பாற்றியது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு சீட்டுக் கடைதான். முதலில் மெத்து மெத்தென்று ஸ்பாஞ்சு வைத்தார்கள். கடை வாசலில் சொர்க்கம், நாற்பது கிலோமீட்டரில் அடிப்பலகை இடித்தது. திரும்பப் போய் அடியில் கெட்டியான ரீபாண்ட் ஃபோம், மேலே மெல்லிய ஸ்பாஞ்சு, மொத்தம் 45 மி.மீ. ஏற்றச் சொன்னேன். முன்பக்கம் சரியாமல் தட்டையாக இருக்கவேண்டும் என்றும் சொன்னேன். சரிந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கில் போய் ஒட்டிக்கொள்வோம். ஒரே குறை, ரெக்சின் தையல் வழியே மழைநீர் இறங்கி ஃபோம் குடித்துவிடுகிறது. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் பேண்ட் நனைகிறது.

கடைசியாக, ஹேண்டிலை 30 மி.மீ. உயர்த்தும் ரைசர். மாட்டியதும் இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எனக்கு ஒரு பக்கம் திருப்பும்போது ஆர்பிஎம் தானாக ஏறியது: ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. கேபிள் போகும் வழியை மாற்றிக் கட்டிய பிறகுதான் சரியானது.

ஃபுட்ரெஸ்ட்டை இறக்கும் பிராக்கெட்டையும் யோசித்தேன். வளைவில் உரசும், பிரேக் பெடலும் எட்டாமல் போகும் என்று விட்டுவிட்டேன்.

இதுவரை 11,000 கி.மீ. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினேன், முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சீட்டு ஏறியதில் தலையும் ஏறி, கண்ணாடித் தடுப்புக்கு மேல் வரும் காற்று நேராக ஹெல்மெட்டில் அறைகிறது. 80-ஐத் தாண்டினால் காதில் இரைச்சல். பின்னால் உட்காரும் மனைவியின் புகார் வேறு: "என்னங்க, முன்னாடி ரோடாவது தெரிஞ்சுது, இப்ப உங்க முதுகுதான் தெரியுது." அவருக்கும் ஃபோம் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஏறவே முடியாது, வேண்டாம் என்கிறார்.