தரை ஸ்லாத்துகளின் உறவுமுறை: கை எலும்பா, மூலக்கூறா?

அழிந்துபோன தரை ஸ்லாத்துகளில் (இன்று மரத்தில் தொங்கும் ஸ்லாத் விலங்கின் பழைய உறவுகள்) யாருக்கு யார் உறவு என்று தேடுவோருக்கு இரண்டு வழி: எலும்பின் வடிவத்தை ஒப்பிடுவது, அல்லது எலும்பில் மிஞ்சிய டிஎன்ஏ, கொலாஜன் புரதம் போன்ற மூலக்கூறுகளைப் படிப்பது.

வயது: ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் முந்தைய, தென் அமெரிக்கப் படகோனியாவின் ஹாபலாப்ஸ் என்ற தரை ஸ்லாத்துக்கு எலும்புதான் கதி. டிஎன்ஏ அவ்வளவு காலம் தாங்காது. வெப்பமண்டலத்தில் இன்னும் சீக்கிரம் சிதைந்துவிடும்.

சேதம்: எலும்பை அளக்கலாம், மீண்டும் பார்க்கலாம். மூலக்கூறுக்குக் கொஞ்சம் துளைத்தே ஆகவேண்டும்.

நம்பகம்: இங்கேதான் சிக்கல். மெகாதேரியம் என்ற தரை ஸ்லாத்தின் கட்டைவிரல் போய், அதன் உள்ளங்கை எலும்பு மணிக்கட்டு எலும்போடு ஒட்டிக்கிடக்கிறது. இது பரம்பரைச் சொத்தா, தோண்டியும் கிளை இழுத்தும் வாழ்ந்ததன் விளைவா? கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 2019-இல் கொலாஜனும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் பழைய உறவு மரத்தையே புரட்டின: இன்றைய இருவிரல் ஸ்லாத், மைலோடான் என்ற இன்னொரு தரை ஸ்லாத்தின் பக்கம்; இன்றைய மூவிரல் ஸ்லாத், மெகாதேரியம் பக்கம்.

அண்மைய பனியுக விலங்கென்றால் மூலக்கூறு. அதற்கும் பழையதென்றால் எலும்பு. ஆனால் கையோடு மண்டையோட்டையும் பல்லையும் சேர்த்துப் பாருங்கள்.