ஏரிக்கரை முள்ளும் என் 21 கியர் சைக்கிளும்

காட்பாடியில் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒரு பையனிடம் 8,000 ரூபாய்க்கு இந்த மவுன்டன் பைக்கை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பிராண்டைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். 27.5 இன்ச் சக்கரம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக், 21 கியர்.

அந்த 21-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் 3, பின்னால் 7, பெருக்கிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓட்டேரியிலிருந்து பாலமதி மலை ஏறும்போது எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு ஜோடி: முன்னால் 24 பல், பின்னால் 28 பல். அதில் போட்டால் நடந்து வருகிறவர்கூட நம்மைத் தாண்டிப் போவார், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. நம்ம வேலூரை மரமில்லாத மலை என்று சும்மா சொல்லவில்லை, கோடையில் எட்டு மணிக்கே பாறையும் சேர்ந்து சுடும், அதனால் விடியும்போதே கிளம்பிவிடுங்கள்.

மாமா பையன் ஏறக்குறைய இதே விலையில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்ததைப் புதிதாக வாங்கினான். கனமோ கனம். மிதிக்கிற மிதியில் பாதி பின்பக்க ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடுகிறது. வாங்காதீர்கள்.

பிரேக் சுமார் ரகம். இதில் ஒரு பக்கத்துப் பேடுதான் நகரும், தேயத் தேய லீவர் கைப்பிடியைத் தொட ஆரம்பிக்கும். உள்பக்கப் பேடை அலென் கீயால் கொஞ்சம் நெருக்கினால் சரியாகிவிடும். இது தெரியாமல் ஒரு மாதம் காலை ஊன்றி நிறுத்தினேன், செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். டிசென்டர்ஸ் என்ற வீடியோ கேமில் இறக்கத்தில் விழுந்தால் ஒரு பட்டன் போதும், பாலமதியில் விழுந்ததற்கு முட்டியில் தோல் வளரவே மூன்று வாரம் ஆனது.

அப்புறம் முள். ஏரிக்கரை முழுக்க சீமைக்கருவேலம். கட்டான் என்ற போர்டு கேம் ஆடும்போது இரண்டு பகடையில் 7 விழ 36-க்கு 6 வாய்ப்பு என்று சொல்லிச் சொல்லியே தங்கச்சி என்னைத் தோற்கடிப்பாள், இங்கே முள் குத்த அதைவிட நல்ல வாய்ப்பு உண்டு. (பஞ்சரான ஞாயிறுகளில்தான் கட்டானே ஆடுகிறோம்.) ஒருமுறை ஆன்லைனில் புது ட்யூப் வரவழைத்தேன், கவனிக்காமல் ஒல்லி வால்வு வைத்ததை வாங்கிவிட்டேன். பஞ்சர் கடை அண்ணன் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு நம்ம பம்பு ஏறாது" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். சுண்டுவிரல் நுனி அளவு ஒரு பித்தளை அடாப்டர் இருந்தால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே பழைய ட்யூபை நீளவாக்கில் அறுத்து வைத்துக் கொடுத்ததும் அதே அண்ணன்தான். சக்கரம் கொஞ்சம் கனத்தாலும் இரண்டு மாதமாகப் பஞ்சர் இல்லை.

8,000 ரூபாய்க்குக் குறை சொல்ல மாட்டேன். அடாப்டர் இரண்டு வாங்கினேன், ஒன்று என் சாவிக்கொத்தில், இன்னொன்று அவர் கடை ஆணியில் தொங்குகிறது.