கைதிகளின் இக்கட்டா, கூட்டணி மாதிரியா?

சுற்றுச்சூழலைக் காக்க நாடுகள் ஏன் கைகோர்க்கின்றன, ஏன் கழன்றுகொள்கின்றன என்று கணக்குப் போட உட்காரும் மாணவருக்கு முதலில் கைக்குக் கிடைப்பது கைதிகளின் இக்கட்டு (Prisoner's Dilemma) என்ற கணித விளையாட்டு. இரண்டு நாடுகள், நான்கு கட்டங்கள். இருவரும் மாசைக் குறைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இருவரும் குறைக்காவிட்டால் 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, மற்றவருக்கு 0. ஒரே முறை ஆடினால் இருவரும் ஏமாற்றுவார்கள். முடிவில்லாமல் ஆடினால், ஒருமுறை ஏமாற்றியவரோடு இனி ஒத்துழைப்பே இல்லை என்ற விதியும் இருந்தால், நாளைய புள்ளியை இன்று பாதிக்குக் குறையாமல் மதிக்கிற நாடுகள் சேர்ந்தே நிற்கலாம். அழகான முடிவு, அரைப் பக்கத்தில் நிரூபித்துவிடலாம்.

ஆனால் உலகில் இருப்பது இரண்டு நாடுகள் அல்லவே! அங்கேதான், பல நாடுகள் சேர்ந்து அமைக்கும் ஒப்பந்தக் குழுவைக் கணக்கிடும் கூட்டணி மாதிரி (coalition model) எனக்குப் பிடிக்கிறது. அது கேட்பது ஒரே கேள்வி: உள்ளே இருப்பவருக்கு வெளியேறினால் லாபமா? மாசைக் குறைக்கக் குறைக்கப் பலன் நேர்கோட்டில் கூடி, செலவு இருபடியாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாடுகளும் ஒரே மாதிரி என்றால், நிலைக்கும் கூட்டணியில் 3 நாடுகளுக்கு மேல் தேறாது. அந்த 3 வந்து விழும்போது மனது கனத்துப்போகிறது.

சரி, 1987 மான்ட்ரியல் நெறிமுறையில் எப்படி இத்தனை நாடுகள் சேர்ந்தன? ஓசோனைக் கெடுக்கும் பொருள்களில், சேராத நாடுகளோடு வணிகத்துக்கு அதில் தடை இருந்தது. வெளியே நிற்பதற்கு ஒரு செலவைச் சேர்த்தால் கூட்டணி மாதிரியிலும் எண்ணிக்கை ஏறும். புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்க வந்த 1997 கியோட்டோ நெறிமுறையில் அப்படியொரு தடை இல்லை. 2011இல் கனடா அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. கணக்கு கொஞ்சம் கடினம்தான், இருந்தாலும் நான் கூட்டணி மாதிரியைத்தான் எடுக்கச் சொல்வேன்.