கத்தியா, களிம்பா, பப்பாளியா, புழுவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தோட்டத்து லயத்தில் விசாரித்தாலும், இனிப்பு நீர் வந்து காலில் புண் ஆறாமல் கிடக்கும் ஒருவரையாவது காட்டுவார்கள். 2019இல் நாடு முழுக்க எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். புண் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழும். அதில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான்கையும் ஒரே கேள்வியால்தான் அளக்கப் போகிறேன்: செத்த சதையைப் புண்ணோடு பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை இது அறுக்குமா?

டிரஸ்ஸிங் அறையில் கூட நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மிஸ்ஸி, அதாவது தாதி, இடுக்கியால் மஞ்சள் படலத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார். ஓரம் எழும்பும், நடுவில் வராது. அடியில் வெள்ளை வெள்ளையாக நார் இழுபடும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் ரத்தம் எட்டிப் பார்க்கும். அந்த நாரில் பெரும்பங்கு கொலாஜன்தான். அது விடாதவரை செத்த சதை போகாது, புதுச் சதையும் எழும்பாது. கிருமிகளுக்கு அதுவே தீனி.

கொலாஜன் ஏன் இவ்வளவு பிடிவாதம்? மூன்று புரி கயிறு போல மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று இறுக்கிச் சுற்றியிருக்கின்றன. இந்த அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஒவ்வொரு சங்கிலியிலும் ஆயிரம் சொச்சம் அமினோ அமிலம். மூன்றுக்கு ஒன்று கிளைசின். புரதத்தை வெட்டும் நொதிகளுக்குப் பொதுவாக ஒற்றைச் சங்கிலிதான் வாய்க்குள் நுழையும். முறுக்கியபடி மூன்றும் சேர்ந்து வந்தால் திணறிப்போகும்.

பப்பாளி தோற்பது இங்கேதான். "கறிக்குப் பப்பாளிக்காய் போட்டா மெத்துனு ஆவுது, புண்ணுக்கு மட்டும் ஏன் ஆவாது?" என்று அக்காமார் கேட்பது நியாயமான கேள்வி. பதில் அடுப்பில் இருக்கிறது. சூடு ஏறும்போது கொலாஜனின் முறுக்கு அவிழ்கிறது; அவிழ்ந்ததைப் பப்பாளியின் பப்பாயின் நொதி வெட்டுகிறது. காலில் அடுப்பு இல்லையே! முறுக்கு அவிழாத கொலாஜனிடம் பப்பாயின் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை. மருந்துக் கம்பெனிகள் அதனால்தான் அதோடு யூரியாவைச் சேர்த்துக் களிம்பு செய்தன. அதிலும் கடுமையான ஒவ்வாமைப் புகார்கள் வந்து, 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் களிம்புகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வீட்டில் அரைத்த காயில் கிருமியும் சேர்ந்து வரும் என்பது தனிக்கதை.

பாக்டீரியா நொதிக் களிம்பின் விஷயம் வேறு. இதன் பிறப்பே விசித்திரமானது. முதல் உலகப் போரில் அழுகிய புண்களிலிருந்து 1916இல் பிரித்தெடுத்த கிளாஸ்டிரிடியம் ஹிஸ்டோலிட்டிகம் என்ற பாக்டீரியா, திசுவைக் கரைத்துக்கொண்டே பரவும் ரகம். கரைக்கும் கருவியான கொலாஜனேஸ் நொதியை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1965 முதல் புண் களிம்பாக இருக்கிறது.

நம் உடம்பும் கொலாஜனேஸ் சுரக்கிறது, ஆனால் அது வெட்டுவது ஒரே இடத்தில். நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி ஒரு வெட்டு. முக்கால் துண்டு, கால் துண்டு என்று இரண்டாகும். அவை உடல் வெப்பத்தில் அவிழ்ந்த பிறகு மற்ற நொதிகள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பாக்டீரியா நொதிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கிளைசினுக்கு முந்தைய பிணைப்பில் வெட்டுவது அதன் வழக்கம். மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்றால் எத்தனை இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி நாரைப் பற்றிக்கொள்ள, துத்தநாக அணுவைத் தாங்கிய இன்னொரு பகுதி வெட்டுகிறது. சேண வடிவில் இருக்கும் அதன் இரு பாகங்களும் நார்க்கட்டின் மேல் விரிந்து உட்கார்ந்து, பிறகு மூடிக்கொண்டு, ஒவ்வொரு சங்கிலியாகப் பிரித்து மெல்லுகின்றன என்று 2011இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கடைசியில் மிஞ்சுவது சின்னச் சின்னத் துணுக்குகள். கொலாஜனை அறுப்பதில் நான்கில் முதலிடம் இதற்குத்தான்.

ஆனாலும் அவசரக்காரர்களுக்கு ஏற்ற மருந்தல்ல. தினம் ஒருமுறை தடவி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெள்ளி கலந்த டிரஸ்ஸிங்கும் அயோடினும் நொதியை முடக்கிவிடும். காலையில் அயோடின், மாலையில் களிம்பு என்றால் காசுக்குக் கேடு. காய்ந்த கறுப்புப் பொருக்கின் மேல் தடவினால் உள்ளே இறங்காது, மருத்துவர் முதலில் கத்தியால் கீறிவிட வேண்டும். இன்னொன்று, இது கிருமிக்கொல்லி இல்லை.

வேகம் என்றால் கத்திதான். அரை மணி நேரத்தில் முடியலாம், சீழையும் சேர்த்து வெளியேற்றலாம். கால் வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் இருந்தால் களிம்பைப் பற்றிப் பேசுவதே தப்பு, நேராக ஆஸ்பத்திரி. கத்தியின் குறை, செத்த நாரோடு கொஞ்சம் உயிருள்ள சதையும் போகும். தேர்ந்த கையும் வேண்டும்.

புழுவைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் கோலாலம்பூரில் ஐ.எம்.ஆர். என்று நாம் சொல்லும் மருத்துவ ஆய்வுக் கழகம் லூசிலியா குப்ரினா ஈயின் புழுக்களைக் கிருமி நீக்கி வளர்த்திருக்கிறது. அவை சுரக்கும் நொதிகள் செத்த சதையைக் கரைக்க, கரைந்ததைப் புழு உறிஞ்சிக்கொள்ளும். களிம்பைவிட வேகம் என்பது என் கணிப்பு; வீட்டார் சம்மதிப்பதுதான் கஷ்டம். வாசலில் ஈ மொய்த்து வந்த புழுவை இதோடு சேர்க்காதீர்கள்.

ஆக என் வரிசை: ரத்த ஓட்டம் நன்றாக இருந்து மருத்துவரும் கிடைத்தால் கத்தி. அறுவையைத் தாங்காத வயதானவருக்கும், வலி தாங்காதவருக்கும் களிம்பு. புழு, மருத்துவர் சொன்னால். பப்பாளி கறிக்கு மட்டும்.

எதைத் தொடங்கும் முன்பும் காலில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டம் குறைந்த காலில், குதிகாலோடு காய்ந்து இறுகி, சீழோ சிவப்போ இல்லாமல் இருக்கும் கறுப்புப் பொருக்கை ரத்தக்குழாய் மருத்துவர் பார்க்கும்வரை கத்தியோ களிம்போ தொடக் கூடாது.