ஓப்பன் டிரிவியா டேட்டாபேஸ்: கல்லூரி குவிஸுக்குத் தேறுமா?

சினிமா, பாட்டு, சீரியல், கேம், அனிமே என்று ஒரு என்டர்டெயின்மென்ட் குவிஸ் நடத்த வேண்டும், கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் பலரும் முதலில் போய் நிற்கும் இடம் இந்தக் கேள்வி வங்கித் தளம். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், ஏபிஐ கீ என்ற அனுமதிச் சாவியும் தேவையில்லை. எத்தனை கேள்வி, எந்தப் பிரிவு, எளிதா நடுத்தரமா கடினமா என்று தேர்ந்தெடுத்தால் ஒரு இணைப்பு கிடைக்கும். அதை பிரவுசரில் திறந்தால் கேள்வி, சரியான விடை, தவறான விடைகள் எல்லாம் வந்து விழும்.

எடுக்கும் முறையில் சில சிக்கல்கள் உண்டு. ஒரு தடவைக்கு 50 கேள்விதான். ஒரே ஐபி முகவரியிலிருந்து 5 விநாடிக்கு ஒரு முறைதான் கேட்கலாம்; ஹாஸ்டல் வைஃபையில் இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால் 5 என்ற பிழை எண் வந்து நிற்பது இதனால்தான். வந்த கேள்வியே திரும்ப வராமலிருக்க செஷன் டோக்கன் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 6 மணி நேரம் தொடாமல் விட்டால் அது காலாவதி. மேடை இசை நாடகம் போன்ற சின்னப் பிரிவில் 50 கேட்டால் இருப்பதைக் கொடுக்காது, பிழை எண் 1 காட்டி வெறுங்கையோடு அனுப்பும். எண்ணிக்கையைக் குறைத்துக் கேளுங்கள். மேற்கோள் குறி வரவேண்டிய இடத்தில் ஆம்பர்சண்ட் (&) போட்ட குப்பை எழுத்து வருவது எச்டிஎம்எல் என்ற வலைப்பக்க மொழியின் குறியீட்டால். அதை மாற்றாமல் ஸ்லைடில் ஒட்டினால் அரங்கமே சிரிக்கும்.

இதெல்லாம் அரை மணி நேர வேலை. உண்மையான குறை கேள்விகளின் குணத்தில் இருக்கிறது. கிடைப்பவை நான்கு விடைகளிலிருந்து தேர்ந்தெடுப்பவை, அல்லது சரியா தவறா வகை. கல்லூரி இறுதிச் சுற்றில் ஒரு அணிக்கு விடை தெரியாவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குத் தாவும். நான்கு விடைகளைத் திரையில் காட்டினால் முதல் மூன்று அணிகள் தவறானவற்றைக் கழித்துக் கொடுக்க, நான்காவது அணி சும்மா இருந்தே 10 மதிப்பெண் வாங்கிவிடும். விடைகளை எடுத்துவிட்டாலோ, 'கீழ்க்கண்டவற்றில் எது' வகைக் கேள்விகள் அப்படியே செத்துப்போகும்.

கடினம் என்ற முத்திரையையும் நம்ப வேண்டாம். அங்கே கடினம் என்றால் பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படாத நுணுக்கம். பேக்-மேன் கேமில் ஆரஞ்சுப் பேயின் பெயர் என்ன என்ற ரகத்தைப் பாருங்கள். தெரிந்தவர் கிளைட் என்பார். தெரியாதவர் அரை மணி யோசித்தாலும் வராது. இதே கேமை இப்படிக் கேட்கலாம்: '1980இல் ஜப்பானில் வந்த ஆர்கேட் கேம். அமெரிக்காவுக்குப் போகும்போது, பெயரின் முதல் எழுத்தை யாராவது சுரண்டிக் கெட்ட வார்த்தை ஆக்கிவிடுவார்களோ என்று பயந்து பெயரை மாற்றினார்கள். எந்த கேம்?' பழைய பெயர் பக்-மேன். ஆங்கிலத்தில் 'பி'யின் வளைவைச் சுரண்டினால் 'எஃப்' ஆகும் என்று ஒரு அணி யோசித்தே பிடித்துவிடலாம். தளம் தருவது விடை மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு, கேள்வியை நீங்கள் எழுதுவதே சரி.

வயதையும் கணக்கில் எடுங்கள். ஃப்ரெண்ட்ஸ் தொடர் 2004இல் முடிந்துவிட்டது. இன்று முதலாமாண்டு படிப்பவர் அப்போது பிறக்கவே இல்லை. அதில் வரும் ராஸ் யார் என்று தெரிந்திருக்கலாம், எத்தனையாவது எபிசோடில் என்ன நடந்தது என்று கேட்பது அநியாயம். அடுத்தது பழசாகிப்போன விடைகள். எடுத்து வரும் தொகுப்பில் கேள்வி எழுதிய தேதி இருக்காது. 'யூடியூபில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ' என்பதற்கு 2012 கடைசியில் கங்னம் ஸ்டைல், 2017 ஆகஸ்டில் டெஸ்பசிட்டோ, 2020 நவம்பரில் பேபி ஷார்க். அதிகம், முதல், சமீபத்திய என்ற சொல் தென்பட்டாலே மறுபடி சரிபாருங்கள்.

பிரிவுகளில் வீடியோ கேம் நன்றாக இருக்கிறது, அனிமேவும் பரவாயில்லை. சினிமாவும் இசையும் பெரும்பாலும் ஹாலிவுட், ஆங்கிலப் பாட்டு. தமிழ், இந்தி, மலையாளம் வேண்டுமென்றால் சொந்தச் சரக்குதான். '1995இல் வந்த தமிழ்ப் படம். 1998இல் ஜப்பானில் ஆடும் மகாராஜா என்ற பொருளில் துணைத் தலைப்போடு ஓடியது' என்றால் 'முத்து' என்று நம் பிள்ளைகள் கை தூக்குவார்கள்.

25 கேள்வி பிரிலிம்ஸுக்கு (இறுதிச் சுற்றுக்கு முந்தைய தகுதிச் சுற்று) 150 இழுத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு தேறினால் நல்ல வேட்டை. தேறியதைப் போட்டியில் கலந்துகொள்ளாத நான்கு பேரிடம், ஆளுக்கு 30 விநாடி கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நால்வரும் சொன்னால் அது சிட்டர், அதாவது மிக எளிய கேள்வி; பிரிலிம்ஸில் ஐந்தாறு போதும். ஒருவரோ இருவரோ சொன்னால் இறுதிச் சுற்றுக்கு. விடையைக் கேட்டதும் நால்வரும் 'சே!' என்று தலையில் அடித்துக்கொண்டால் ஒருவரும் சொல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள். 'அப்படியா' என்று மட்டும் சொன்னால் தூக்கிவிடுங்கள்.

அப்படியே எடுத்துப் போடவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், இதே தொகுப்பை எடுத்துச் செய்த செயலிகள் நிறைய. வந்திருப்பவர்களில் யாராவது பஸ்ஸில் அதைத்தான் விளையாடிக்கொண்டு வந்திருப்பார். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0: மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி எழுதிய தொகுப்பை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். கடைசி ஸ்லைடில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.