பத்து தடவை எண்ணெய், ஒரு டப்பா பொடி: கீமோ நடுவில் நான் போன மையம்

பத்து தடவை எண்ணெய்த் தேய்ப்புக்கு 1,680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), முழுப் பணமும் முதலிலேயே கட்ட வேண்டும். பினாங்கு ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது, கார் நிறுத்த இடம் தேடியே பாதி உயிர் போய்விடும். அந்த மாற்று வைத்திய மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெயரைப் போட்டால் பேச்சு அதைச் சுற்றியே ஓடிவிடும். இதே மாதிரி பேக்கேஜ் விற்கும் இடங்கள் இந்தத் தீவில் இன்னும் உண்டு, அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள்.

என் நிலைமை: இடது மார்பகம், இரண்டாம் கட்டம், ஆபரேஷன் முடிந்து கீமோ. முதலில் சிவப்பு நிறத்தில் ஏற்றும் ஒரு கீமோ மருந்து நான்கு தடவை, அப்புறம் பாக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து வாரம் ஒரு தடவை, பன்னிரண்டு வாரம். வீட்டில் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன், பாலர் பள்ளிக்குப் போகும் மகள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், முட்டிவலியோடு எல்லாவற்றையும் தாங்கும் மாமியார். எனக்கு நோயைவிடப் பெரிய பிரச்சினை மாலை ஐந்து மணி. மகன் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரும் நேரம் அது, கீமோவுக்கு அடுத்த இரண்டு நாளும் அந்த நேரத்தில் எனக்கு எழுந்து உட்காரவே தெம்பு இருக்காது. ஆகவே எந்த வைத்தியமாக இருந்தாலும் நான் வைத்த பரீட்சை ஒன்றுதான்: அதைச் செய்துகொண்ட வாரத்தில் ஐந்து மணிக்கு நான் மேசையில் உட்கார்ந்தேனா, இல்லையா.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்த் தேய்ப்புக்கு அங்கே இருந்த அக்கா, உண்மையிலேயே தொழில் தெரிந்தவர். முதல் நாள் நான் படுப்பதற்கு முன்பே “எந்தப் பக்கம் ஆபரேஷன்? அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்தாங்களா?” என்று கேட்டார். இடது கையில் அழுத்தவே இல்லை. அந்தப் பக்கம் கை வீங்கிவிடும் ஆபத்து இருக்கிறது, பிரஷர் பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும்கூட மறு கையில்தான் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள், அதையே இவரும் சொன்னார். “டாக்டருக்குத் தெரியுமா நீங்க இங்க வர்றது?” என்று வேறு கேட்டார். தெரியும் என்றேன். பொய். அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணெய் வாசனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: சிவப்பு மருந்து போய்க்கொண்டிருந்த நாட்களில் வந்திருந்தால் படியிலேயே வாந்தி எடுத்திருப்பேன். கீமோ எடுக்கும்போது மூக்கு நாய் மூக்கு மாதிரி ஆகிவிடுகிறது, வெங்காயம் தாளிக்கும் வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தாலே போதும். பாக்லிடாக்செலில் அது குறைந்திருந்ததால் தப்பித்தேன். ஒரு மணி நேரம் தோளும் முதுகும் காலும், அப்புறம் இஞ்சித் தண்ணீர் ஒரு கோப்பை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்தது. மறுநாள் ஐந்து மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். அடுத்த வாரமும். புற்றுநோய்க்கும் அந்த எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் என்னை ஒரு ஊசி போடும் உடம்பாக இல்லாமல் ஆளாகத் தொட்ட ஒரு மணி நேரம் அது. அதற்கு மட்டும் பணம் கொடுத்திருந்தால் இந்த விமர்சனத்தை இங்கேயே முடித்திருப்பேன்.

சிக்கல் முன்னறையில் இருக்கிறது. அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் ஐயா என்கிறார்கள். மூன்றாவது தடவை போனபோது அவர் என்னை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார். சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி, சோறும் சர்க்கரைதான், அதனால் சோற்றை நிறுத்து. காலை மதியம் இரவு பச்சைக் காய்கறிச் சாறு. முள்சீத்தா இலைக் கஷாயம். அப்புறம் ஒரு பொடி, டப்பா 180 வெள்ளி, மாதம் இரண்டு டப்பா. நடுவில் மெதுவாக ஒரு வார்த்தை: “உடம்பு தாங்கலைன்னா கீமோவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாருங்கம்மா.” நிறுத்து என்று சொல்லவில்லை. தள்ளிப் போடு. சுவரிலும் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை, ஏனென்றால் இந்த நாட்டில் புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்ய முடியாது, 1956 ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாய்ப்பேச்சை யார் பிடிப்பது?

அந்த வார்த்தைக்கு நான் மயங்கவில்லை, அதற்குக் காரணம் என் அறிவு இல்லை. என் சித்தி மகள் மருந்தாளர், எனக்கு நோய் என்று தெரிந்த முதல் வாரமே ஒரு ஆய்வை எனக்குச் சொல்லியிருந்தாள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆட்கள் செய்தது, 2018 இல் வந்தது. வழக்கமான சிகிச்சையே வேண்டாம் என்று மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை, சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மொத்தத்தில் இறப்பு ஆபத்து இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோய்க்கு மட்டும் ஐந்து மடங்குக்கு மேல். மகளுக்கு ஐந்து வயது. ஐந்து மடங்கு என்ற சொல்லும் ஐந்து வயது என்ற சொல்லும் மண்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டன, எந்த ஐயா பேசினாலும் அவை கழன்று போகாது.

ஆனால் பொடியை வாங்கினேன். சாறும் குடித்தேன். கீமோவை விடாமல் இதையும் சேர்த்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்ற எண்ணம். சாறு பிழியும் மெஷின் வேறு 600 வெள்ளி. சோற்றை நிறுத்திய பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்தேன், ஐந்து மணிப் பரீட்சையில் வாரம் முழுக்கத் தோல்வி, மகன் தானாகவே போய்ப் பாட்டியிடம் உட்கார்ந்துவிட்டான், அவர் படித்தது நான்காம் வகுப்பு. மருத்துவமனை உணவு ஆலோசகர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். எடை குறையக் கூடாது, முட்டை, மீன், பருப்பு, தோஃபு எல்லாம் வேண்டும், சோறும் சாப்பிடு என்றார். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியிலிருந்து கிருமி வந்தால் தாங்க முடியாது, வேகவைத்துச் சாப்பிடு என்றார். யோசித்துப் பாருங்கள், காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் நேராக அவசரப் பிரிவுக்கு வா என்று கையில் அட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், நான் சௌரஸ்தா மார்க்கெட் செலரியைப் பச்சையாகப் பிழிந்து குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கிருமி விஷயத்தில் மையத்தின்மேல் இன்னொரு குறை. குழந்தைகள் மூலை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகு, பொம்மை, புத்தகம், சின்ன நாற்காலி. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி என்று முதலில் நானும் புகழ்ந்தேன். மகளின் பாலர் பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய் வந்து ஒரு வாரம் மூடியபோதுதான் புரிந்தது, அந்தப் பொம்மைகளை யார் துடைக்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டேன். சிரித்தார்கள். அதன் பிறகு பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. வீட்டில் இப்போது ஒரு சட்டம்: பள்ளியிலிருந்து வந்தால் முதலில் கை, முகம், சட்டை மாற்று, அப்புறம்தான் அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம். மகள் சோப்பு நுரையோடு ஓடி வந்து கட்டிக்கொள்வாள், அதைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது பொடி. ஆறாவது வாரம் பாக்லிடாக்செலுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. டாக்டர் கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார். ஐயா ஆசைப்பட்டது இப்படி நடந்துவிட்டது. வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி ஒரு பயம். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார், அவ்வளவுதான், பையிலிருந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவெண் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று இல்லை, “மூலிகைக் கலவை” என்று மட்டும் இருந்தது. பொடிதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, பாக்லிடாக்செலும் கல்லீரலைத் தொடும் மருந்துதான். பொடியை நிறுத்தினேன், அடுத்த வாரம் அளவு இறங்கியது, கீமோ தொடர்ந்தது. அதற்கு மேல் சொன்னால் நானும் ஐயா மாதிரி ஆகிவிடுவேன்.

மருத்துவமனை மருந்தகத்தில் இருந்த தம்பி எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். மலேசியாவில் முறைப்படி பதிவான பாரம்பரிய மருந்து டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு எண்களும் பின்னால் டி (T) என்ற எழுத்தும் இருக்கும், மினுங்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அது இருந்தால் குணமாகும் என்று அர்த்தம் இல்லை, யாரோ சோதித்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். “மஞ்சளாவது சாப்பிடலாமா தம்பி?” என்றேன். “குழம்புல போடுங்க அக்கா, தாராளமா. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை மட்டும் வேணாம்.” கீமோவுக்குப் பிறகு, நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் தமொக்சிஃபென் என்ற மருந்து எனக்கு வரப் போகிறது, அந்த மஞ்சள் மாத்திரை அதன் வேலையைக் குறைக்கலாம் என்று நெதர்லாந்தில் 2019 இல் ஒரு சின்ன ஆய்வில் பார்த்திருக்கிறார்களாம். மாமியாரின் மீன்குழம்புக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்ததே எனக்குப் போதும்.

மாற்று வைத்தியமே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதற்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால் கெப்பாலா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனை. அங்கே பாரம்பரிய, நிரப்பு மருத்துவப் பிரிவு 2007 இலிருந்தே இருக்கிறது, நாட்டில் அரசாங்க மருத்துவமனைகளில் இதை முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று. டாக்டரிடமிருந்து கடிதம் வேண்டும். தீவிலிருந்து பாலம் தாண்டிப் போவது பெரிய தொல்லை, வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்த நாளில்தான் போக முடிந்தது. ஆனால் அங்கே அக்குபங்சர் போடுவதற்கு முன் என் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டார்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவாக இருந்தால் ஊசி போட மாட்டோம் என்றார்கள், இடது கையைத் தொடவில்லை. ஒருவரும் குணமாகும் என்று சொல்லவில்லை. குமட்டலும் அலுப்பும் குறைய வாய்ப்பு இருக்கிறது, பாக்லிடாக்செலால் விரல் மரத்துப்போவதற்கு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். சொன்ன மாதிரியே குமட்டல் குறைந்தது, விரல் மரத்துத்தான் இருக்கிறது, சட்டைப் பொத்தானை இன்னும் மகள்தான் போட்டுவிடுகிறாள். பெருமையாகப் போட்டுவிடுவாள், அவளுக்கு இது விளையாட்டு.

பணமே செலவில்லாத ஒன்றுதான் ஐந்து மணிப் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியது. சொன்னால் கோபம் வரும், 1,680 வெள்ளி கட்டியவளுக்கு இன்னும் வரும். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் காலை ஏழரைக்கு இருபது நிமிடம் நடை. முதல் வாரம் வாசலிலிருந்து இரண்டாவது பெஞ்சு வரைதான் போக முடிந்தது. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் உடற்பயிற்சி என்று தாள்களில் போட்டிருப்பார்கள், நான் அதில் பாதியைத் தொட்டதே ஒன்பதாவது வாரம். சனி, ஞாயிறு பிள்ளைகளும் வருவார்கள். மகன் குரங்குகளிடமிருந்து என் ரொட்டியைக் காப்பாற்றும் காவல்காரன், ஒரு தடவை தோற்றுவிட்டான். அங்கேதான், தலையில் துணி கட்டியிருந்த என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, முடி வந்ததும் பழைய மாதிரியே வருமா, சுருட்டையா வருமா?” என்று கேட்டான். சுருட்டையாக வந்தாலும் வரலாம் என்றேன். சாவைப் பற்றிக் கேட்பானோ என்று மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாறு பிழியும் மெஷின் வீண் போகவில்லை, மகன் அதில் தர்பூசணி பிழிந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறான்.

சரி, நட்சத்திரம் கேட்பீர்கள். எண்ணெய்க்கும் அந்த அக்காவுக்கும் ஐந்தில் நான்கரை. படிக்கட்டுக்கு ஒன்று. ஐயாவின் முன்னறைக்கு ஒன்றும் இல்லை. போவதாக இருந்தால் பேக்கேஜ் எடுக்காதீர்கள், ஒரு தடவைக்கு 190 வெள்ளி என்று தனியாகவும் கொடுக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். நேராக உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள், போவதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

என் கணக்கில் இன்னும் மூன்று தடவை மீதி இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம், வீட்டில் வேறு ஆளை அனுப்பலாமாம். மாமியாரை அனுப்பினேன். முட்டிவலி கொஞ்சம் தேவலை என்று சிரித்துக்கொண்டே வந்தார், கையில் ஒரு டப்பா.